மூன்றாம் நம்பர் துண்டு

அந்தக் கம்பெனியில் பூ, பொட்டு, திருநீறு மூன்றுக்கும் உள்ளே இடம் கிடையாது. செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே ஈரத்துணி ஒன்று தொங்கும். நெற்றியில் என்ன இருந்தாலும் துடைத்துவிட்டு, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, கைக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் லேத்துக்கும் கம்ப்ரஸருக்கும் சந்தனப் பொட்டு இருக்கும். இங்கே மட்டும் எந்திரங்கள் வெறும் நெற்றியோடு நின்றன.

அங்கே செய்தது மனுஷன் உடம்புக்குள் போகிற சாமான். எலும்பு போன இடத்தில் வைக்கிற பீங்கான் துண்டு.

செங்கல்வராயன் அங்கே பர்னஸ் பார்க்கிறவர். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் மின்கம்பத்துப் பீங்கான் செய்த தொழிற்சாலையில் சூளை பார்த்தவர். அது மூடின பிறகு இங்கே வந்து நாலாவது வருஷம் நடக்கிறது. பீங்கான்தானே, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்துத்தான் வந்தார். வந்த ஒரே மாதத்தில் அந்தக் கொழுப்பு இறங்கிவிட்டது.

விஷயம் இதுதான். எலும்புக்குள் இருக்கிற அதே தாதுவைப் பொடியாக்கி, அழுத்தி, சுட்டு உள்ளே வைத்தால் எலும்பு அதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டு ஒட்டி வளரும். ஆனால் அந்தத் துண்டு சாக்பீஸ் மாதிரி, காலில் வைத்தால் நாலு நடை தாங்காது. சிர்கோனியா என்று இன்னொரு பொடி இருக்கிறது. அது அசையாமல் நிற்கும், ஆனால் எலும்பு அதன் பக்கமே திரும்பாது. சரி, இரண்டையும் கலந்து சுடலாம் என்றால் சூட்டில் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வைக்கத்தான் கௌதம் ஆறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கௌதம்தான் அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவர். நாகர்கோவில்காரர், பூந்தமல்லிப் பக்கம் பிளாட்டில் குடியிருந்தார். சோற்றைவிட அந்தப் பொடியைத்தான் அதிகம் நினைத்தார்.

செங்கல்வராயனுக்கும் அந்தப் பொடி மேல் ஒரு வெறி வந்துவிட்டது. அதற்குக் காரணம் அவருடைய மகள் நிஷா.

நிஷா பிளஸ் டூ படிக்க வேண்டியவள். இரண்டு வருஷத்துக்கு முன் இடது முழங்காலுக்குக் கீழே வீங்கியது. கட்டி என்றார்கள், புற்று இல்லை என்றார்கள், ஆனாலும் எலும்பை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி எடுத்தார்கள். இடுப்பிலிருந்து எலும்பெடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள். அது ஒட்டாமல் சீழ் பிடித்து, அதையும் எடுத்தாயிற்று. அதிலிருந்து காலைச் சுற்றி இரும்பு வளையமும் வளையத்திலிருந்து சதைக்குள் போகிற கம்பிகளுமாக அவள் கோவில்பதாகை வீட்டில் கட்டிலோடு கிடந்தாள்.

போன ஆடியில் டாக்டர் ஒரு செய்தி சொன்னார். "புதுசா ஒரு செராமிக் துண்டு வருது. பத்துப் பேருக்கு வச்சுப் பார்க்க அனுமதி கிடைச்சிருக்கு. உங்க பொண்ணுக்குப் பொருந்தும். இங்கேதான், அம்பத்தூர்ல ஒரு கம்பெனி பண்றாங்க."

"அத்த சுடறதே நான்தான் சார்" என்றார் செங்கல்வராயன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு தடவை பார்த்தார். செங்கல்வராயன் அங்கேயே அழுதுவிட்டார்.

பத்துப் பேரில் நிஷா மூன்றாவது. கம்பெனியில் யாருடைய துண்டுக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அவள் காலை ஸ்கேன் எடுத்த அளவுக்கு மூன்றாம் நம்பர் துண்டை வடித்து வைத்தார்கள். சுடுவதற்கு முன்னால் அது கட்டை விரலை விடக் கொஞ்சம் பருமனாக, வெள்ளையாக, ஊதினால் உதிர்கிற மாதிரி இருந்தது. செங்கல்வராயன் கௌதமிடம் கேட்டு அதைப் போனில் ஒரு படம் எடுத்து மகளிடம் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"என் காலு உன் பர்னஸ்ல வேகப்போவுதா நைனா?"

"ஆமாம்மா. நல்லா பதமா வேக வெச்சி எடுத்துகினு வரேன் பாரு."

"கருக்கிடாத" என்று சிரித்தாள்.

டாக்டர் கெடுவும் சொல்லியிருந்தார். இப்போது கொடுக்கிற மருந்தில் சீழ் அடங்கி இருக்கிறது. ஆனால் அந்த மருந்தை வெகுகாலம் கொடுக்க முடியாது, சிறுநீரகம் தாங்காது. நவம்பர் பத்துக்குள் துண்டு கைக்கு வர வேண்டும். வராவிட்டால் காலை முழங்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான். சீழ் மேலே ஏற விட்டால் காலோடு நிற்காது, உயிருக்கே வந்துவிடும்.

பத்துத் துண்டுகளும், உடைத்துப் பார்க்கிற சோதனைச் சில்லுகளும் சூட்டுக்குத் தயாரானது ஆயுத பூஜைக்கு மறுநாள். அது தற்செயல்தான். ஆனால் செங்கல்வராயனின் மனைவி சுலோசனாவுக்கு அது தற்செயலாகப் படவில்லை.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வாசல் கேட்டுக்கு மட்டும் மாலை போட்டு, வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பொரி கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் சுலோசனா எல்லையம்மன் கோயிலிலிருந்து குங்குமமும் சாம்பலும் சேர்த்து மடித்த இரண்டு பொட்டலத்தோடு வந்தாள். ஒன்றை சாமி அலமாரியில் வைத்தாள். இன்னொன்றைப் புருஷன் சட்டைப்பையில் போட்டாள்.

"நாளைக்கி மொத சூடு தானே? உள்ள வெச்சிடு."

"அங்க அதெல்லாம் கூடாதுன்னு உனுக்குத் தெரியாதா சுலோ?"

"பழைய கம்பெனில வெச்சிகினு தானே இருந்த? பத்தொம்போது வருசம் வெச்சியே, இன்னா கெட்டுப்போச்சி?"

ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதுதான் உண்மை. அந்தத் தொழிற்சாலையில் அது வழக்கம். பூஜைக்கு அடுத்து ஏற்றுகிற முதல் சூட்டுக்கு, பின்சுவர்ச் செங்கல் ஓரமாக ஒரு சிட்டிகை குங்குமமும் சாம்பலும் வைத்துத்தான் எந்தச் சூளைக்காரனும் கதவை மூடுவான். மேஸ்திரியே கூட நின்று கும்பிடுவார். மின்கம்பத்தில் ஏறி உட்கார்கிற பீங்கானுக்குக் குங்குமம் பட்டால் என்ன, படாவிட்டால் என்ன?

இந்த மூன்று வருஷமும் செங்கல்வராயன் இங்கே வைத்ததில்லை. வைக்காதது மட்டுமல்ல, சோதனைப் பிரிவு முகமது ஆசிக் ஒரு பெருநாள் அன்று அத்தர் பூசிக்கொண்டு வந்ததற்கு அவனைக் கை கழுவ வைத்து, சட்டை மாற்ற வைத்துத்தான் உள்ளே விட்டார். "இன்னா அண்ணாத்தே, கௌதம் சாரை விட நீ மோசம்" என்று ஆசிக் ஒரு வாரம் முனகினான். அப்படிப்பட்ட மனுஷன்தான்.

மறுநாள் காலை சூடு தாங்குகிற அலுமினாத் தட்டுகளில் பத்துத் துண்டுகளையும் சில்லுகளையும் அவரே அடுக்கினார். மூன்றாம் நம்பரை நடுவில், சூடு ஒரே சீராக விழுகிற இடத்தில் வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. கதவை மூட வேண்டியதுதான் பாக்கி. ஆசிக் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். கௌதம் கணினி முன்னால் இருந்தார். செங்கல்வராயன் கையுறையைக் கழற்றினார், சட்டைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தார், பின்சுவர் ஓரம் நீட்டி வைத்தார். வாய்மூடிக்குள்ளேயே "ஆத்தா, கொயந்த கால காப்பாத்திக் குடு" என்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கதவை மூடி, கை கழுவி, புது உறை மாட்டிக்கொண்டார்.

ஆயிரத்து இருநூற்று ஐம்பது டிகிரி. ஏற இரண்டு நாள், இறங்க இரண்டு நாள். திறந்தபோது காகிதமும் இல்லை, குங்குமமும் இல்லை. செங்கல்லில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஏதோ உருகி ஓடின தடம் மட்டும் இருந்தது. செங்கல்வராயன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்தார். அவர் நினைத்தது அப்படியே இதுதான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

பத்துத் துண்டும் விரிசல் இல்லாமல் வந்திருந்தன. அடுத்த நாள் ஆசிக் சோதனைச் சில்லுகளை உடைக்கிற எந்திரத்தில் வைத்தான். வழக்கமாக அழுத்தம் நூற்று நாற்பது பக்கம் வந்ததும் டப்பென்று போய்விடும். அன்று நூற்று நாற்பது தாண்டியது, நூற்று அறுபது தாண்டியது. நூற்று எண்பத்தாறில்தான் உடைந்தது. ஆசிக் எந்திரத்தில்தான் கோளாறு என்று இரண்டாவது சில்லை வைத்தான். நூற்று எண்பத்து மூன்று. மூன்றாவது நூற்றுத் தொண்ணூறையே தொட்டுவிட்டது.

"அண்ணாத்தே! இன்னா அண்ணாத்தே பண்ண? இத்தினி வருசத்துல இந்த நம்பர நான் பாத்ததே இல்ல!"

கௌதம் ஓடிவந்தார். எண்ணைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், மறுபடியும் எண்ணைப் பார்த்தார். அதிர்ந்து பேசாத மனுஷர், செங்கல்வராயனைக் கட்டிப்பிடித்தார். "இறங்குற சூட்டைக் கொஞ்சம் மெதுவாக்கினோம்லா, அதுதான் அண்ணே கைகொடுத்திருக்கு" என்றார்.

எது கைகொடுத்தது என்று செங்கல்வராயனுக்குத் தெரியும். சொல்லவில்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது வீட்டுக்குப் போன் போட்டார். "சுலோ, கல்லு மாரி நிக்கிது. ஆத்தா கண்ண தொறந்துட்டா." அந்தப் பக்கம் சுலோசனா அழுதாள். பின்னால் நிஷாவின் குரல் கேட்டது: "கருக்கலயே?"

அந்தப் பதினைந்து நாள்தான் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்த நாள். தீபாவளிக்கு நிஷாவுக்குச் சுடிதார் எடுக்கப்போன சுலோசனா, பேன்ட்டின் இடது காலை வளையத்துக்காகப் பிரித்துத் தைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். பொங்கலுக்குள் வளையம் போய்விடும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு.

பலம் இருந்தால் மட்டும் போதாது. உடம்பு ஏற்க வேண்டும். அதற்கான சோதனை வெளியே ஒரு ஆய்வகத்தில். சில்லுகளை ஊற வைத்த நீரில் உயிருள்ள செல்களை வளர விட்டு, அவை பிழைக்கிறதா என்று பார்ப்பார்கள். அதிலெல்லாம் இவர்களுடைய பொடி என்றைக்கும் தோற்றதே இல்லை. எப்போதும் பலத்தில்தான் கோட்டை விடுவார்கள். அதனால் அந்த அறிக்கைக்காக யாரும் பயந்து உட்கார்ந்திருக்கவில்லை.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. செல்கள் செத்துவிட்டன. கொஞ்சமல்ல, கிட்டத்தட்ட எல்லாமே.

ஆய்வகத்தில்தான் தப்பு என்றார் கௌதம். மிச்சச் சில்லுகளை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கேயும் அதேதான். சில்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். நவம்பர் இரண்டாம் தேதி, மழை கொட்டிக்கொண்டிருந்தது, எஸ்டேட் ரோட்டில் முழங்கால் தண்ணீர். நனைந்த பேன்ட்டோடு செங்கல்வராயன் உள்ளே வந்தபோது கௌதமும் ஆசிக்கும் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஈயம்" என்றார் கௌதம். "ஈயம் அண்ணே. நம்ம பொடியில ஈயத்துக்கு வேலையே கிடையாது. எங்கேருந்து வந்துச்சு?"

செங்கல்வராயனுக்கு ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசுகிறது என்றுதான் நினைவு வந்தது.

கௌதம் கணினியில், ஈயம் எதிலெல்லாம் இருக்கும் என்கிற ஒரு பட்டியலைத் திறந்து சத்தமாக வாசித்துக்கொண்டே போனார். "பழைய பெயின்ட். இங்கே இல்லை. பேட்டரி. இல்லை. சால்டரிங் கம்பி, அது பக்கத்து ஷெட்டு. மட்டமான குங்குமம், செந்தூரம்... நிறத்துக்காகக் கலப்பானுவளாம், ஈயச் செந்தூரம்." நிமிர்ந்து சிரித்தார். "அந்த வம்பே நமக்கு இல்லை. அண்ணே இருக்கும்போது ஒரு பொட்டு உள்ளே வருமா?"

செங்கல்வராயன் பக்கத்திலிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஆசிக் "இன்னா அண்ணாத்தே, ஜுரமா?" என்று தொட்டுப் பார்த்தான். மழையில் நனைந்தது என்றார்.

பொடி அனுப்பியவன் மேல்தான் சந்தேகம் என்று கௌதம் முடிவு கட்டினார். அன்று முழுக்கப் போனில் அவனோடு சண்டை போட்டார். சாயங்காலம் தளர்ந்துபோய், "இந்தக் கலவையையே விட்டுடலாம் போலிருக்கு அண்ணே. ஆறு வருஷம் தப்பான வழியில போயிட்டேன்" என்றார். ஒன்பது பேர் வேறு காத்திருக்கிறார்கள். எங்கெங்கோ ஒன்பது கட்டில். அதெல்லாம் செங்கல்வராயனுக்குத் தெரியும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் அவர் அந்த ஒன்பது பேரை நினைக்கவில்லை. இன்னும் எட்டு நாள் இருக்கிறது, எட்டு நாளில் என்ன செய்ய முடியும் என்று மட்டும்தான் நினைத்தார். ஒன்றும் செய்ய முடியாது என்பது பர்னஸ்காரருக்குத் தெரியாதா?

மறுநாள் காலை, சுலோசனா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, சாமி அலமாரியிலிருந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்தார். அதைக் கௌதமின் மேசை மேல் வைத்தார்.

"இத்த டெஸ்ட் பண்ணுங்க சார்."

கௌதம் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கேட்கவே வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் கேட்டார். "எங்கே வச்சீங்க?"

"பின்னால செவுத்தோரம். ஒரே ஒரு சிட்டிகை சார். பழைய கம்பெனில வெக்கிற மாரி."

அவர் கத்துவார் என்று செங்கல்வராயன் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கௌதம் பொட்டலத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு ஏதோ வகுப்பெடுக்கிறவர் மாதிரி, குரல் ஏறாமல் சொன்னார்: ஈயம் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். ஆவி பர்னஸ் முழுக்கச் சுற்றி ஒவ்வொரு துண்டிலும் இறங்கும். சாம்பலோடு சேர்ந்து கண்ணாடி மாதிரி உருகி, துண்டுக்குள் இருக்கிற பொடிப்பொடி ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

"அந்த நூத்தி எண்பத்தாறு அதனாலதான் வந்துச்சு அண்ணே. பலம் வந்ததும் அதாலதான், செல்லு செத்ததும் அதாலதான்."

செங்கல்வராயன் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அதற்கப்புறம் அவர் கேட்டதை அவரே பிற்பாடு நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

"பலமா தானே சார் கீது? எம் பொண்ணுக்கு மட்டும் அதையே வெச்சிடுங்களேன். மத்தவங்களுக்கு வாணாம். அந்த ஒண்ணு மட்டும் குடுங்க. ஈயம் தானே சார், ஊர்ல எத்தினி பேரு ஈயம் பூசின பாத்திரத்துல துன்றாங்க..."

"பாத்திரத்துக்குப் பூசுறது இது இல்லை அண்ணே. அது வெள்ளீயம், இது காரீயம். ரெண்டும் வேற."

"வேறயா இருந்துட்டுப் போவட்டும் சார். காலு நிக்கும்ல? நடப்பால்ல?"

கௌதம் கணினியை அவர் பக்கம் திருப்பினார். இரண்டு படங்கள். ஒன்றில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு, கையைக் காலை நீட்டி ஒட்டிக்கொண்டு இருந்தன. அது பழைய சூட்டுத் துண்டு, நூற்று நாற்பதில் உடைந்தது. இன்னொன்றில் உருண்டு சுருங்கி ஒன்றுக்கொன்று ஒட்டாமல் மிதந்தன.

"இது மூணாம் நம்பர் வெந்த அதே சூட்டுல எடுத்தது. இதையா நிஷா காலுக்குள்ள வைக்கணும்? அவ ரத்தத்துல கலக்கும் அண்ணே. காலோட நிக்காது."

காலோடு நிற்காது. டாக்டரும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். செங்கல்வராயன் அந்த இரண்டாவது படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, சுத்த அறை என்றும் பார்க்காமல், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆசிக் வந்து தூக்கப் பார்த்தான். முடியவில்லை. அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

பர்னஸ் சுவர் முழுக்க ஈயம் ஏறியிருந்தது. செங்கல்லை எல்லாம் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். பிறகு பொடி அரைத்து, அழுத்தி, காயவைத்து, சுட்டு, சோதித்து... தை மாசக் கடைசி என்றார் கௌதம். அவரே டாக்டரிடம் பேசினார், மூன்று தடவை பேசினார். இன்னும் மூணு மாசம் தள்ள முடியுமா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். நிஷாவின் ரத்தப் பரிசோதனை அந்த வாரமே மோசமாக வந்தது. பன்னிரண்டாம் தேதி காலை எட்டு மணி என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

"உங்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். இன்னொருத்தர் இதையே பண்ணாம இருக்க உங்களைத்தான் நம்பணும்" என்றார் கௌதம். "டாக்டர்கிட்ட காரணத்தைச் சொல்லிட்டேன், அது என் கடமை. வீட்டில சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

வீட்டில் அவர் சொன்னது, துண்டு டெஸ்டில் தேறவில்லை என்பது மட்டும்தான். கல்லு மாதிரி நிற்கிறது என்றாயே என்று சுலோசனா கேட்டாள். அது வேற டெஸ்ட்டு, இது வேற டெஸ்ட்டு என்றார். அவள் எழுந்து போய் எல்லையம்மன் கோயில் வாசலில் மழையோடு மழையாக உட்கார்ந்தாள். கூப்பிடப் போனால் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவர்கள் பதினோராம் தேதியே போய்விட்டார்கள். பன்னிரண்டாம் தேதி காலை ஏழரைக்கு நிஷாவுக்குப் பச்சைத் துணி உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். எந்தக் கால் என்று தப்பு வரக்கூடாது என்பதற்காக இடது தொடையில் மைப் பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தது. அதை யாரும் பார்க்காமலிருக்க நிஷா துணியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள்.

"நைனா."

"இன்னாம்மா?"

"அந்தத் துண்டு இப்ப எங்க கீது?"

"கம்பெனில தான்மா."

"தூக்கிப் போட்ருவாங்களா?"

அதை அவர் கையாலேயே உடைத்து, கழிவு டப்பாவில் போட்டுச் சீல் வைத்தாயிற்று. சுலபத்தில் உடையவில்லை, சுத்தியலால் நாலு தடவை அடிக்க வேண்டியிருந்தது.

"நல்லா தான் வெந்துச்சா?" என்று கேட்டாள்.

"வெந்துச்சிம்மா. நைனா தான்..." என்று ஆரம்பித்தார். சுலோசனா உள்ளே வந்துவிட்டாள்.

ராத்திரி வீட்டுக்குத் திரும்பியிருந்தவள், விடிகாலையில் கோயிலுக்குப் போய்விட்டு ரயிலைப் பிடித்து வந்திருந்தாள். ஈரப் புடவை. இடுப்பிலிருந்து புதிதாக மடித்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மகள் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். கன்னத்திலும் கழுத்திலும் சாம்பலை அள்ளிப் பூசினாள். நிஷா கண்ணை மூடிக்கொண்டு காட்டினாள். செங்கல்வராயன் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அதே கோயில் குங்குமம், அதே நிறம்.

தள்ளுவண்டியோடு ஒரு நர்ஸ் வந்தாள். நிஷாவின் முகத்தைப் பார்த்து, "உள்ளே இதெல்லாம் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்தாள். கன்னம், கழுத்து. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பஞ்சை டப்பாவில் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நிஷா படுத்தபடியே தலையைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டு போனாள். கதவு மூடிக்கொண்டது.

சுலோசனா அந்த டப்பாவையே பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கி நான் குட்த்தேனே, அத்த உள்ள வெச்சியா?"

செங்கல்வராயன் மூடின கதவையே பார்த்தார்.

"உன்னத்தான்யா கேக்கறேன். மொத சூட்டுக்குக் குட்த்தேனே. உள்ள வெச்சியா, இல்ல அந்தாளுக்குப் பயந்துகினு எங்கியாவது போட்டுட்டியா? நெஜத்த சொல்லு. நானும் பத்து நாளா யோசிச்சிகினு கீறேன். ஆத்தா ஒரு நாளும் என்னைக் கைவுட்டவ இல்ல. நீ வெச்சிருக்க மாட்ட."

அவள் நெற்றியில் அதே குங்குமம் இருந்தது. மழையில் கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. வைத்தேன் என்று சொன்னால் அப்புறம் ஏன் தேறவில்லை என்று டாக்டர் வரைக்கும் போய்க் குடைவாள், உன் கையால் கொடுத்ததுதான் நம் பெண்ணின் காலுக்கு எமனாக வந்தது என்று இவளுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் இவள் எந்தக் கோயில் வாசலில் போய் உட்காருவாள்?

"வெக்கல சுலோ" என்றார். "பயந்துட்டேன். வர்ற வழியில குப்பைல போட்டுட்டேன்."

சுலோசனா அவரை அடிக்கவில்லை. மிகவும் மெதுவாகச் சொன்னாள்:

"அப்ப எம் பொண்ணு கால நீ தான்யா வெட்டின."

"ஆமா" என்றார் செங்கல்வராயன்.

அவள் நகர்ந்து போய் எதிர்ச்சுவர் ஓரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் இந்தப் பக்கம் நின்றார். உள்ளே விளக்கு எரிய ஆரம்பித்தது.